என் மகள் யாரிடம் கேட்டாள்

எதிர்வீட்டுக்காரியைப் பார்த்தாலே எனக்கு வயிற்றெரிச்சல். இத்தனை வருஷம் கழித்து எழுதுவதால் நாகரிகமாகப் பொறாமை என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அன்றைக்கு அது வயிற்றெரிச்சல்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் திருநின்றவூரில், பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி வீட்டிலேயே படிக்கவைக்கத் துணிந்த முதல் ஆள் நான். ஆவடியில் ஒரு பள்ளியில் ஏழு வருஷம் டீச்சராக இருந்தவள். தினமும் காலையில் வயிற்றுவலி என்று அழுத எட்டு வயது மகளுக்காக அந்த வேலையையும் விட்டேன். மாமியார் வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல. எதிர்வீட்டுக்காரி எனக்கு ஒரு வருஷம் பின்னால்தான் தன் இரண்டு பெண்களையும் நிறுத்தினாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். அவள் பத்தாவதுகூட முடிக்காதவள்.

ஆனால் புதிதாகப் பிள்ளையை நிறுத்தியவர்கள் யோசனை கேட்டு உட்கார்ந்தது அவள் வீட்டில்தான். முதலில் என்னிடம் வருவார்கள். ஒன்பதரைக்குக் கணக்கு, பத்தேகாலுக்குத் தமிழ் என்று டைம்டேபிள் போட்டுக் கொடுப்பேன். எங்கள் வீட்டில் வருகைப் பதிவேடே இருந்தது, ஒரே ஒரு பெயரோடு. பாடம் மாறும்போது பூஜை மணியை எடுத்து அடிப்பேன். சிரிக்காதீர்கள், எனக்குத் தெரிந்தது அதுதான். வந்தவர்கள் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நேராக எதிர்வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

அவள் எதையும் சொல்லித்தர மாட்டாள். அரிசி புடைத்துக்கொண்டே கேட்பாள். "கொயந்த காத்தால எய்ந்ததும் இன்னா பண்ணுது?" "எதப் பண்ணா சோத்த மறந்துடுது?" "போன வாரம் உன்கிட்ட இன்னா கேட்டுச்சு?" வந்தவர்கள் திணறி, யோசித்து, கடைசியில் முகம் தெளிந்து எழுந்து போவார்கள். இதில் என்ன பெரிய கெட்டிக்காரத்தனம் என்று ஜன்னலோரம் நின்று பொருமுவேன். போதாக்குறைக்கு, கடைசி மணி அடித்ததும் என் மகளும் அங்கேதான் ஓடுவாள்.

சும்மா இருப்பேனா? அவள் கேட்கிற கேள்விகளை ஒன்றுவிடாமல் எழுதி, வரிசை எண் போட்டு, பதிலுக்குக் கோடு விட்டு, மேலே பெயர், வயது, தேதி என்று சேர்த்து சைக்ளோஸ்டைலில் கட்டாக நகல் எடுத்துவிட்டேன்.

ஒருநாள் எதிர்வீட்டுக்காரி உறவுக்காரர் கல்யாணத்துக்குப் பூந்தமல்லி போயிருந்தபோது, அவளைத் தேடித் திருமழிசையிலிருந்து ஒரு அம்மா வந்தாள். விவசாயக் குடும்பம், புருஷனுக்கு இப்போது தொழிற்பேட்டையில் வேலை. விடுவேனா? வீட்டுக்குள் கூப்பிட்டு உட்காரவைத்து, தாளையும் பேனாவையும் கையில் கொடுத்தேன். என் மகள் மூலையில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

அந்த அம்மா பரீட்சைக்கு வந்தவள்போல வியர்த்தாள். பிள்ளை போன வாரம் என்ன கேட்டது என்கிற கேள்வியில் நின்றுவிட்டாள்.

"இன்னா எய்தறதுன்னே தெரியல டீச்சர். உங்க பொண்ணு இன்னா கேட்டுச்சு, சொல்லுங்க. அத மாதிரியே நானும் எய்திடறேன்."

எனக்கு ஒன்றுமே நினைவுக்கு வரவில்லை. போன வாரம் என்ன, போன மாதத்தில்கூட ஒன்று தேறவில்லை. தண்ணீர்க் குழாயடியில் எதிர்வீட்டுக்காரி இரண்டு நாள் முன்னால் சொன்னதுதான் வாயில் வந்தது. "உம் பொண்ணு இன்னா கேட்டா தெரியுமா டீச்சர்" என்று அவள் பூரித்துப்போய்ச் சொன்னபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்திருந்தது.

"ஏரி வத்திப்போனா மீனெல்லாம் எங்கம்மா போகும்னு கேட்டா" என்றேன்.

அந்த அம்மா அதை அப்படியே எழுதிக்கொண்டாள். என் மகள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்த அம்மா பஸ்ஸுக்குக் கிளம்பிய பிறகுதான் மெதுவாகச் சொன்னாள்.

"அம்மா, அத நான் ஆன்ட்டிகிட்டதான கேட்டேன்?"

"என்கிட்ட ஏன்டி கேக்கல?"

கையிலிருந்த பட்டாணியை முறத்தில் போட்டாள்.

"உன்கிட்ட கேட்டா அது பாடமாயிடும்மா."

அவள் குரலில் துளிக் கோபம் இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, கல்யாணத்திலிருந்து ஆன்ட்டி வந்துவிட்டார்களா என்று பார்க்கப் போய்விட்டாள்.