அக்காவை மேட்டுக்கு ஏற்றிச் சென்ற நாள்

கோலா தெர்லா முட்டைக்கோஸ் தோட்டத்து வேலையை விட்டுவிட்டு, துணிப்பையோடு கம்போங் ராஜா பக்கம் நடந்துகொண்டிருந்தேன். எதிரே வந்த காய்கறி லோரி நின்றது. "உங்க அக்காவுக்கு முடியலையாம், வீட்டுக்குப் போப்பா" என்றார் ஓட்டுநர். திரும்பிவிட்டேன்.

நாலாம் வகுப்போடு படிப்பை விட்டு ஊர் ஊராகத் திரிந்தவன் நான். எங்கே போனாலும் எனக்கு விலாசம் அக்கா வீடுதான். அக்கா, இப்போது குடியிருக்கும் தேயிலைத் தோட்டத்து லயத்திலேயே, அந்த வரிசை வீடுகளில் ஒன்றில் பிறந்தவர். அம்மா போன பிறகு என்னை வளர்த்தவர். பனியில் நனைந்து கொழுந்து பறித்தே காலம் கழித்தார். பிள்ளை இல்லாததை ஒருநாளும் குறையாகச் சொன்னதில்லை.

புற்றுநோய் என்பதை ஈப்போ டாக்டர் அத்தானிடம் மட்டும் சொல்லியிருந்தார். எங்கள் லயத்தில் வீடுகளுக்கு நடுவே உள்ள பலகைத் தடுப்பு கூரை வரை போகாது. ஒரு வீட்டுப் பேச்சு அடுத்த வீட்டில் கேட்கும். அதனால் முக்கியமான பேச்சையெல்லாம் மேட்டில், தேயிலைச் செடிகளுக்கு நடுவில்தான் பேசுவோம். அத்தான் என்னிடம் சொன்னதும் அங்கேதான். மேடு ஏற முடியாமல் படுத்திருந்தவர் அக்கா ஒருவர்தான். அவரிடம் அத்தான் மழையைப் பற்றி மட்டும் பேசுவார். தன் சோற்றைப் பிசைந்து சாப்பிடாமல் அப்படியே வைத்துவிடுவார். இளைத்துப்போன அத்தான் மேல் சட்டை தொளதொளவென்று தொங்கியது.

ஒரு மத்தியானம் கஞ்சி கொடுத்தேன். அக்கா கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

"ஏன்டா தம்பி, என் சாவைப் பத்தி மேட்டுல கூட்டம் போடுறீங்க. என்னை மட்டும் கூப்பிடலையே."

நான் கிண்ணத்தை எடுத்து மூடி வைத்தேன்.

"உங்க அத்தான் என்கிட்ட அழணும்டா. பக்கத்து வீட்டு மாமிக்குக் கேட்டுடும்னு முழுங்கிட்டே இருக்காரு. என்னை மேல கொண்டு போ."

தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து மாமியின் குரல் வந்தது: "நான் வேணும்னா காதைப் பொத்திக்கிறேன் புள்ள." அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

கொழுந்து லோரியின் முன் இருக்கையில் கம்பளி சுற்றி உட்காரவைத்தோம். மேட்டில் செடிகளுக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்த அத்தான் ஓடிவந்தார்.

"இந்தக் குளிர்ல ஏம்மா வந்தே?"

"நீங்க பேசுற இடம் இதுதானே. பேசுங்க."

நானும் லோரிக்காரரும் காது எட்டாத தூரத்துக்குப் போய்விட்டோம். அத்தானின் தோள் குலுங்குவது மட்டும் தெரிந்தது. அக்கா அவர் தலையில் கை வைத்திருந்தார். அன்று மாலை அத்தான் இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு இருவரும் வீட்டிலேயே சத்தமாகப் பேசினார்கள். கடைசிப் பயணத்துக்கு அக்காவுக்கு எந்தச் சேலை உடுத்துவது, அத்தான் தனியாக எப்படி ரசம் வைப்பது, எல்லாம். மழைக்காலம் முடியுமுன் அக்கா, அத்தானின் கையைப் பிடித்தபடியே கண் மூடினார்.

லோரியைத் தந்தவருக்கும், கஞ்சியும் வெந்நீரும் சுமந்த மாமிக்கும், இறுதிவரை கூட நின்ற லயத்து மக்களுக்கும் எங்கள் வணக்கம். தோட்டத்தில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் கங்காணிக்குத் தனியாக ஒரு நன்றி. மேட்டிலிருந்து இறங்கிய அன்றே அவரிடம் போய், அத்தான் அக்காவோடு இருக்கட்டும், அவர் வேலையை நான் செய்கிறேன் என்றேன். "நீ எத்தனை நாளைக்குடா தங்குவே?" என்று கேட்டார். "அக்கா இருக்கிற வரைக்கும்" என்றேன்.

கங்காணியிடம் பேசிய மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும்போது அத்தான் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் முன்னே போய் மருந்து நிரப்பித் தெளிக்கும் தோம்பைத் தோளில் மாட்டிக்கொண்டேன்.