இருளாயியின் ஆறு பாத்திகள்

மலேசியாவில் சுங்காய்க்கு அருகில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருபத்திரண்டு வருடம் பால் வெட்டியவள் இருளாயி. 1977இல் ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டு எண்ணெய்க்கான செம்பனை நட்டார்கள்; அவளுக்கு வேலை போயிற்று. தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்குப் பின்னால், கால்வாயோரம் சும்மா கிடந்த துண்டு நிலத்தில் ஆறு பாத்தி கடுகுக்கீரை போட்டாள். அதைச் சந்தையில் விற்றுத்தான் வீட்டில் உலை கொதித்தது. நிலத்துக்குக் காகிதம் கிடையாது. "போட்டுக்கோ" என்று பழைய மேனேஜர் வாயால் சொன்னதோடு சரி. அவரும் மாற்றலாகிப் போய்விட்டார். எந்த ஜீப் வந்து நின்றாலும், தன்னைக் காலி பண்ணச் சொல்லத்தான் என்று நினைத்துக்கொள்வாள்.

மறு வருடம் வந்த ஜீப்பிலிருந்து விவசாய இலாகாவின் மலாய் இளைஞர் இறங்கினார். பூச்சி அரித்துச் சல்லடையாகியிருந்த இலைகளைப் புரட்டிப் பார்த்தார். இரண்டு கைகளையும் விரித்துப் பாத்திகள் மேல் வீசிக் காட்டினார்.

"அக்கா, கெலம்பு! மெஸ்தி கெலம்பு!"

மெஸ்தி என்றால் கட்டாயம் என்பது இருளாயிக்குத் தெரியும். மற்ற சொல்லைத் தமிழாகவே எடுத்துக்கொண்டாள். ஜீப் போனதும், மிதிபட்டு வீணாவதற்குள் எடுத்துவிடலாம் என்று பிஞ்சுக்கீரையைப் பிடுங்கத் தொடங்கினாள்.

சுங்காயில் ஒரு மலாய் ஆசிரியர் வீட்டில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டு நவமணி நாலு மணிக்குத் திரும்பியபோது நாலு பாத்தி காலி.

"என்னக்கா இது, பைத்தியமா புடிச்சிருக்கு?"

"கெளம்பச் சொல்லிட்டான், எலாகாத் தம்பி."

"தமிழ்லயா சொன்னான்?"

"கெலம்புன்னான். பின்ன என்ன, சீன பாஷையா?"

நவமணி தலையில் கைவைத்துச் சிரித்தாள். "ஐயோ, மலாயில கெலம்புன்னா கொசுவல லா! பூச்சி வராம வல போட்டு மூடச் சொல்லியிருக்கான்!"

இருளாயிக்குச் சிரிப்பு வரவில்லை. "கீரைக்கு எதுக்குடி கொசுவல? அதுக்கென்ன மலேரியாவா?" என்றாள்.

ஆனாலும் கட்டில் வலையைக் கழற்றினாள். மூங்கில் பிளாச்சுகளை வளைத்துக் குத்தி, மிச்சமிருந்த இரண்டு பாத்திகளையும் மூடி, ஓரங்களில் மண் அணைத்தாள்.

"எனக்குக் கொசுக்கடி, கீரைக்குப் பந்தலா?" என்றான் புருஷன் அர்ச்சுனன்.

வெள்ளைப் பட்டாம்பூச்சிகள் வலைமேல் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பறந்தன. இலைகள் ஓட்டையில்லாமல் வந்தன. இரண்டு மாதம் கழித்து மறுபடி வந்த இலாகா இளைஞர் மகிழ்ந்துபோனார். இருளாயி நவமணியை இழுத்துவந்து ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொன்னாள்: இந்த இடத்தில் இருக்கலாமா?

"அது அவரு எலாகா இல்லையாம். தோட்டத்து ஆபீசுல கேக்கணுமாம்."

இருளாயி அந்த ஆபீசுக்குப் போகவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்களே என்று பயந்தாள். மறுநாள் சந்தையில் இன்னும் இரண்டு பழைய வலைகள் வாங்கிவந்து, மூன்றாம் பாத்தியைக் கொத்தினாள்.