தகப்பன் கையெழுத்து

என் ஆத்தா கண்ணாத்தாளைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும், "அது வைராக்கியக்காரியாச்சே" என்பார்கள். மரியாதைக்குச் சொல்வது அது. வைராக்கியம் இல்லை, வன்மம். பெற்ற மகன் எனக்குத் தெரியாதா? ஒருவர் ஒரு சொல் சொல்லிவிட்டால் பத்து வருஷம் கழித்தும் அதை நேற்றுக் கேட்டதுபோல் வைத்திருப்பாள். அந்தப் புத்தியில் பாதி எனக்கும் வந்து சேர்ந்தது. அதனால் அவளை மட்டும் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

எங்கள் ஊர் கீரமங்கலத்துக்குத் தெற்கே. எனக்கு முன்னால் பிறந்த மூன்று பிள்ளைகளும் வருஷம் திரும்புவதற்குள் போய்விட்டன. நாலாவதாக நான் பிறந்ததும், தங்காத பிள்ளையைத் தங்கவைக்க எங்கள் பக்கம் செய்வதைச் செய்தார்கள். முறத்தில் போட்டு என்னை விற்றார்கள். ஆத்தாவின் ஒன்றுவிட்ட அண்ணன் சேவுகன் ஒரு மரக்கால் தவிட்டை அளந்து கொடுத்து வாங்கிக்கொண்டார். வாங்கிய கையோடு, "எம் பிள்ளைய நீ வளத்துக் குடு தாயீ" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பிச்சைமுத்து என்று பெயர் வைத்தார்கள். இனி எனக்குக் கல்யாணம் ஆகும்வரை ஆத்தா என்னை "என் பிள்ளை" என்று வாய்விட்டுச் சொல்லக்கூடாது. சொன்னால் அந்த மூன்றும் போன வழியில் நானும் போவேன் என்று அவள் மெய்யாகவே நம்பினாள்.

எனக்கு மூன்று வயதில் அப்பா நாகராசு காலராவில் செத்துப்போனார். ஐந்து வயதில் சேவுகன் மாமாதான் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனார், ஆத்தாவும் கூட வந்தாள். வாத்தியார் தகப்பன் பெயர் கேட்டார். ஆத்தா வாயைத் திறக்கவில்லை. மாமா சிரித்துக்கொண்டே, "சேவுகன்னு எழுதுங்க" என்று சொல்லிக் கையெழுத்தும் போட்டார். அன்றைக்கு யாருக்கும் அது தப்பாகப் படவில்லை. பிள்ளை உயிரோடு இருக்கவேண்டும், ரிஜிஸ்தரில் எது இருந்தால் என்ன? நான் சே. பிச்சைமுத்து ஆனேன். வீட்டில் அவர் மாமா, ஏட்டில் அவர் அப்பா.

ஆத்தா கடலைக்காட்டில் களைவெட்டி என்னைப் படிக்கவைத்தாள். வெயிலில் குனிந்து குனிந்து அவள் முதுகு நாற்பது வயதிலேயே வளைந்துவிட்டது. நான் புதுக்கோட்டைக் காலேஜில் பி.எஸ்ஸி. முடித்தேன். 1954 பங்குனியில் இங்கிலாந்திலிருந்து கடிதம் வந்தது. அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் மண்ணை ஆராயும் படிப்பு, இரண்டு வருஷம். கப்பல் கட்டணத்திலிருந்து சாப்பாடுவரை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். செப்டம்பரில் போய்ச் சேரவேண்டும். ஆத்தா அந்தக் காகிதத்தை வாங்கி மடியில் முடிந்துகொண்டு அன்றைக்குப் பூராவும் களைவெட்டினாள். எனக்குச் சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை.

வினை பிடாரி கோயில் திருவிழாவில் வந்தது. விபூதி வாங்கும் இடத்தில், ஊரே கூடியிருக்கையில், சேவுகன் மாமா என் தோளில் கைபோட்டு, "எம் மருமகன் சீமைக்குப் போறான். போறதுக்கு முன்னாடி அமராவதி கழுத்துல மூணு முடிச்சுப் போட்டுட்டுத்தான் போறான்" என்றார். அமராவதி அவருடைய ஒரே மகள், எனக்கு முறைப்பெண். கட்டிக்கொள்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. கொஞ்சம் ஆசையும் இருந்தது. ஆனால் ஆத்தாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை அவர். பதினாறு வருஷம் அவள் வெட்டிய களைக்கு அந்தக் கூட்டத்தில் அவர் மாலை வாங்கிக்கொண்டார்.

ஆத்தா முன்னால் வந்து நின்றாள். "ஏண்ணே, நீ தவிட்டுக்கு வாங்குன பிள்ளையில்ல அவன்? ஒன் மகளுக்கு அண்ணன் மொறையில்ல வேணும்? அண்ணனுக்கே தங்கச்சியக் கட்டிவைக்கிற ஊரு எதுண்ணே?"

கூட்டம் சிரித்தது. பூசாரிகூடச் சிரித்தார். மாமா முகம் செத்துப்போயிற்று. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, விபூதி வாங்காமல் போய்விட்டார்.

அடுத்த மாதம் பாஸ்போர்ட்டுக்கு எழுதிக்கொடுக்கத் திருச்சிக்குப் போனேன். படிக்கப் போகிறவனுக்குத் தகப்பன் ஜாமீன் கையெழுத்துப் போடவேண்டும் என்றார் குமாஸ்தா. எஸ்.எஸ்.எல்.சி. சர்டிபிகேட் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, "தகப்பனார் சேவுகன். இருக்காருல்ல? அப்ப வேற யாரு கையெழுத்தும் செல்லாதுங்க" என்று விண்ணப்பப் பாரத்தைத் திருப்பித் தந்தார்.

பாரத்தை எடுத்துக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனேன். அவர் அதைக் கையால்கூடத் தொடவில்லை.

"நான் ஒனக்கு யாருடா?"

"மாமா."

"மாமன்னா எம் மகளக் கட்டு. இல்ல அப்பன்னா, அப்பன் சொல்றதக் கேளு. ரெண்டுலயும் இல்லாம கையெழுத்துக்கு மட்டும் நான் வேணுமா? போயி ஒங்க ஆத்தாகிட்ட நான் யாருன்னு கேட்டுக்கிட்டு வா. அங்கிட்டு ஒரு பேச்சு, இங்கிட்டு ஒரு பேச்சு வேணாம்."

வீட்டுக்கு வந்து சொன்னேன். நீ போய் ஒரு சொல் தணிந்து சொல் என்று ஆத்தாவைக் கெஞ்சினேன். "அவன் காலுல விழுந்து நீ கப்பலேற வேணாம்" என்று சொல்லிவிட்டாள். இங்கிலாந்துக்கு எழுதிப்போட்டேன். ஒரு வருஷம் இடத்தைப் பிடித்துவைப்போம், அடுத்த செப்டம்பர் தவறினால் இல்லை என்று பதில் வந்தது.

அந்தப் பதிலைப் படித்துக் காட்டிய அன்றைக்குத்தான் ஆத்தா என் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தை எடுத்துக்கொண்டு புதுக்கோட்டைக்கு பஸ் ஏறினாள். கையெழுத்துப் போடத் தெரியாதவள்தான். ஆனால் யாரை எந்த இடத்தில் அடித்தால் வலிக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அங்கே திருக்கோகர்ணத்தில் இருந்த வக்கீல் ஆத்மநாதனிடம், "எழுத்துப்படி இவன் சேவுகன் மகன். மகன்னா பூர்வீக நெலத்துல பாதிப் பாகம் உண்டா இல்லையா?" என்று கேட்டிருக்கிறாள்.

வக்கீல் சிரித்தாராம். "நல்ல கேஸும்மா. ஒங்க அண்ணன் ஆமான்னு சொன்னா பாதி நெலம் வந்துரும். இல்லைன்னு சொன்னா, அந்த மறுப்பையே வச்சு ரிஜிஸ்தர்ல தகப்பன் பேர மாத்திடலாம். அப்புறம் நீங்களே கைநாட்டு வச்சு ஜாமீன் குடுக்கலாம். ரெண்டும் நமக்கு லாபம்."

வாதி நான். வக்காலத்தில் கையெழுத்துப் போட்டது என் கைதான். அந்த மனுஷனைக் கூண்டில் ஏற்றி நிறுத்திப் பார்க்கவேண்டும் என்று எனக்கும் வெறியாக இருந்தது.

மாமா ஒரு வக்கீலை வைத்துப் பதில் போட்டார். பிச்சைமுத்து தன் மகன் இல்லை, நாகராசு மகன், தவிட்டுக்கு வாங்கியது வெறும் சாங்கியம் என்று அதில் எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார். ஆத்மநாதன் எங்களைக் கூப்பிட்டு, "வேலை முடிஞ்சுது. இதுக்கு நகல் வாங்கிக்கிட்டு, கேஸ வாபஸ் வாங்கிருவோம். தம்பி செப்டம்பருக்குத் தாராளமாப் போயிரலாம்" என்றார். அது தை மாதம். எட்டு மாதம் கையில் இருந்தது.

"வாபஸா? அவன் கோர்ட்டுப் படியேறணுங்க. அவன் எழுதுனது பொய்யின்னு நாலு பேரு முன்னாடி ஆகணும். பாதி நெலத்த அவன் அளந்து விடுறத நான் வரப்புல நின்னு பாக்கணும்" என்றாள் ஆத்தா.

"பையன் படிப்பப் பாருங்கம்மா."

"அதுவும் நடக்கும், இதுவும் நடக்கும்."

வக்கீல் என்னைப் பார்த்தார். நான் அந்த இடத்தில் ஒரு வார்த்தை பேசியிருந்தால் போதும். கோயிலில் அவள் சொன்ன சொல்லுக்கு என் படிப்பைப் பிடித்து நெரித்தாரே அந்த ஆள், அவரைச் சும்மா விடுவதா என்றுதான் எனக்கு ஓடியது. "ஆத்தா சொல்றபடியே நடத்துங்க சார்" என்றேன். இன்றைக்கு நினைத்தாலும் அந்த வாயில் ஒரு அறை விடலாம்போல் இருக்கிறது.

1955 ஆடியில் விசாரணை. புதுக்கோட்டை முன்சீப் கோர்ட்டில் எங்கள் ஊர் பாதி வந்து நின்றது. பள்ளிக்கூட ரிஜிஸ்தரை வைத்தே கேஸ் நிற்கும், கூண்டில் ஏறவேண்டாம் என்று ஆத்மநாதன் எவ்வளவோ சொன்னார். ஆத்தா கேட்கவில்லை. ஏறினாள், சத்தியம் செய்தாள். மாமாவின் வக்கீல் எழுந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"இந்தப் பையன் ஒங்க வயித்துல பொறந்தவன்தானேம்மா?"

ஆத்தா அவரைப் பார்க்கவில்லை. கீழே நின்ற அண்ணனைத்தான் பார்த்தாள்.

"இல்லைங்க. எங்கண்ணன் சேவுகன் மகன். நான் வளத்தேன், அம்புட்டுத்தான். நான் இவனுக்கு அத்தை முறைங்க."

இருபத்திரண்டு வருஷம் "என் பிள்ளை" என்று அவள் சொன்னதில்லை, அது என் உயிருக்குப் பயந்து. இது அப்படி இல்லை. ஆனாலும் மாமாவின் முகம் வெளுத்துப்போவதைப் பார்க்கிற ஆசையில் நானும் அவர் பக்கம்தான் திரும்பினேன்.

அவர் முகம் வெளுக்கவில்லை. கூண்டில் ஏறித் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிதானமாகப் பேசினார்.

"எசமான், நான் முன்னாடி எழுதிக் குடுத்தது கோவத்துல எழுதுனது. அத ரத்து பண்ணிருங்க. எந் தங்கச்சி சத்தியம் பண்ணிச் சொல்லிருச்சு. இவன் எம் மகன்தான். பாதி எதுக்கு? நெலம் முச்சூடும் அவனுக்குத்தான். ஆனா ஒத்த மகன சீமைக்கு அனுப்பிட்டு நான் யாரு மொகத்தப் பாக்குறது? அதுக்கு மட்டும் நான் கையெழுத்துப் போட மாட்டேன், எசமான்."

அமராவதியை எனக்குக் கட்டிக்கொடுக்கும் ஆசையையும் அந்தப் பேச்சோடு அவர் வெட்டி எறிந்துவிட்டார். பெற்ற மகளுக்குப் பார்த்த மாப்பிள்ளையை விட்டாலும் விடுவேன், தங்கச்சியை விடமாட்டேன் என்று வந்திருக்கிறார். எங்கள் ஆட்களிடம் எதற்கும் அளவே கிடையாது.

ஆத்தா எழுந்து என்னவோ சொல்ல வாயெடுத்தாள். ஆத்மநாதன் அவள் பக்கம் குனிந்து, "இப்ப மாத்திச் சொன்னீங்கன்னா பொய்ச் சத்தியம்னு ஒங்களை உள்ள வச்சுருவாங்க. ஒக்காருங்கம்மா" என்றார். உட்கார்ந்தாள். இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டதால் முன்சீப்புக்கு வேலை மிச்சம். நான் சேவுகன் மகன் என்றும், பாதி நிலம் எனக்கு என்றும் அப்போதே தீர்ப்பு எழுதினார்.

செப்டம்பருக்கு நாற்பது நாள்கூட இல்லை. கோர்ட்டு வாசலில் ஆத்தா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அவள் பக்கம் போவதா, பஸ்ஸைப் பார்த்துப் போவதா என்று தெரியாமல் நடுவில் நின்றேன். சேவுகன் படியிறங்கி வந்து, அன்றைக்குக் கோயிலில் போட்டதுபோலவே என் தோளில் கைபோட்டார்.

"வாப்பா, வீட்டுக்குப் போவோம்" என்றார். "ஒங்க அத்தையையும் கூட்டிக்கிட்டு வா."