ஒன்பதாம் பக்கத்து ஓட்டை

மார்ச் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் இரண்டு மணி ஐந்து நிமிடத்துக்கு, பத்திரிகை அலுவலகத்தின் பழைய இதழ்கள் அறையில் ஒரு கணித ஆசிரியை அவரை முதன்முதலாகப் பார்த்தாள். கதவுப் பலகை 'ஆவணக் காப்பாளர்' என்றது. அலுவலகமோ அவரை 'மூணாம் நாள்' என்றே அழைத்தது. இரவல் போன தொகுதி குறித்த தேதியில் திரும்பாவிட்டால், மூன்றாம் நாள் மஞ்சள் நினைவூட்டு அட்டை வந்து நிற்கும். முதலாளிக்கும் விலக்கில்லை; ஒருமுறை தமக்குத் தாமே ஓர் அட்டை அனுப்பிக்கொண்டவர் அவர்.

ஆசிரியையின் அம்மா, முப்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் தேசியப் போட்டியில் எண்ணூறு மீட்டர் ஓடி முதலிடம் பெற்றவள். தடகளச் சங்கத்தின் பதிவேடுகள் மழையில் கூழாகிவிட்டன. வீடு மாறியதில் சான்றிதழும் போயிற்று. இப்போது சங்கம் தன் வரலாற்றைப் புத்தகமாகப் போடுகிறது. பெயரும் நேரமும் அச்சில் வந்ததற்கான ஆதாரம் அன்று மாலை ஐந்து மணிக்குள் வராவிட்டால், அந்த ஓட்டத்துக்கு நேரே 'முடிவு கிடைக்கவில்லை' என்று அச்சாகிவிடும்.

"மத்த நூலகத்துல பாத்தீங்களா, டீச்சர்?"

"நாலு இடத்துல பாத்துட்டேன் சார். எல்லா இடத்துலயும் உங்க தொகுதியப் படமெடுத்த அதே படச்சுருள்தான். அதுல ஒன்பதாம் பக்கத்துல ஒரு ஓட்டை."

அவர் எழுதுகோலை மெல்லக் கீழே வைத்தார். அந்த மாதத்து இதழ்களைத் தைத்த தொகுதியைத் தாமே சுமந்து வந்து பிரித்தார். 'மகளிர் எண்ணூறு மீட்டர்' என்ற வரிக்குக் கீழே, நேர்க்கோடாக வெட்டிய சன்னல். அதன் வழியே பதினோராம் பக்கத்துச் சோப்பு விளம்பரம் பல்லைக் காட்டியது.

"எந்தப் பாவி சார் வெட்டினான்?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தப் பாவி உங்க எதிர்லதாம்மா நிக்கிறான்."

வெட்டுவதென்றால் உதிரிப் பிரதியில்தான் வெட்ட வேண்டும். தொகுதியில் கத்தரி படவே கூடாது. அதுதான் அந்த அறையின் முதல் விதி. வேலைக்குச் சேர்ந்த ஆண்டில், உதிரிப் பிரதி தீர்ந்துபோன ஒரு நாளில், அவர் அதை மீறினார். பத்தாம் பக்கத்தில் ஒரு கால்பந்துப் படம் வந்திருந்தது. இடது ஓரத்தில் பாய்ந்து நின்ற கோல்காப்பாளர் அவரேதான். முன்பக்கத்து ஆசையில் பின்பக்கத்தை அவர் பார்க்கவில்லை.

அந்தப் படத்தை ஒட்டிவைத்த கால்பந்துத் தொகுப்பு எங்கோ மேல் தட்டில் இருந்தது. அவர் ஏணியில் ஏறித் தேடியெடுத்து இறங்குவதற்குள் இரண்டு மணி நேரம் போய்விட்டது. துண்டின் பின்புறம் முழுவதும் பசை தடவி ஒட்டியிருந்தால் என்று அவள் பயந்தாள்.

இல்லை. வெட்டிய துண்டுக்கு இடது ஓரத்தில் மட்டும் பசை வைப்பது அவர் வழக்கம். துண்டு கதவைப் போலத் திறந்தது. பின்பக்கத்தில் அம்மாவின் பெயர், முதலிடம். பிறகு: 2 நிமிடம் 1... மீதி எண்கள் பசைக்கு அடியில்.

மணி நான்கு இருபது. சங்கச் செயலாளர் தொலைபேசியில் கறாராகச் சொன்னார்: "நேரம் முழுசா இருந்தா அனுப்புங்க. அரைகுறையா எதையும் போட முடியாது."

வைத்த கையோடு அம்மா அழைத்தாள். "ஓடினவ நான். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கறது நீயாடி?"

காப்பாளர் அதற்குள் வெந்நீரும் தூரிகையும் கொண்டுவந்திருந்தார். மாவுப் பசை ஈரத்துக்கு இளகும். பழைய தாளும் இளகும்.

"சார், உங்க படம்?"

"அன்னைக்கு அந்தப் பந்தை நான் பிடிக்கவே இல்ல, டீச்சர். போட்டோக்காரர் புண்ணியத்துல பிடிச்ச மாதிரி இருக்கு. எத்தனை நாளைக்குத்தான் பொய் சொல்றது?"

ஈர ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தி, நூல் நூலாகப் பிரித்தார். நான்கு என்றொரு எண் எழுந்தது. இல்லை, ஒன்பதா? அவர் உருப்பெருக்கியைத் தாழ்த்தினார்.

"நாலு. அப்புறம் புள்ளி. ஆறு."

2 நிமிடம் 14.6 வினாடி. அவள் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பியபோது மணி நான்கு ஐம்பத்திரண்டு. நான்கு ஐம்பத்தேழுக்குப் பதில் வந்தது: 'கிடைத்தது. சேர்க்கிறோம்.'

அவள் நன்றி சொல்லத் திரும்பினாள். அவர் தம் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோல்காப்பாளரின் முகம் மையாக அதில் ஒட்டியிருந்தது.

அவள் இரவல் பதிவேட்டை இழுத்து எழுதினாள்: 'கோல்காப்பாளர் படம் ஒன்று. வேறு பிரதி தேடித் தருவேன். ஏப்ரல் பன்னிரண்டு.' அவர் படித்துவிட்டுக் கையெழுத்திட்டார்.

அவள் தேடாத இடமில்லை. போன இடமெல்லாம் அதே ஓட்டைதான். கெடு முடிந்த மூன்றாம் நாள், ஏப்ரல் பதினைந்து காலை, வாசலில் நின்று தபால்காரரை எதிர்பார்த்தாள். மஞ்சள் அட்டை வரவில்லை. அதன்பிறகு அவர் ஆறு ஆண்டுகள் பணியில் இருந்தார். ஊரில் பாதிப் பேருக்கு அட்டை போயிற்று. அவளுக்கு மட்டும் ஒன்றும் வரவேயில்லை.