பங்களாச் சுவரில் இரட்டைக் குழல்

அப்புத்தளைத் தேயிலைத் தோட்டத்தில், விடுதியாகிவிட்ட துரை பங்களாவில், பணியாள் ஒருவன் சுவரில் மாட்டியிருந்த பழைய இரட்டைக் குழல் துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். தொண்ணூறுகளில் என் அப்பாவின் கையில் மணத்த அதே வாசம்.

அப்பா தோட்டக் காவல்காரர். தினமும் இந்தத் துப்பாக்கியைத் துடைத்து மாட்டிவிட்டு, துரை கொடுத்த மலிவான புதுத் துப்பாக்கியோடு காவலுக்குப் போவார். அது தோட்டா போட்டு மூடும்போதே தகர டப்பாவாய்ச் சத்தம் போடும்.

“ஒரு குழல் வெடிக்கவே மாட்டேங்குதுங்க, தொரை.”

“ஒனக்குத்தான் சுடத் தெரியல.”

ஒரு விடியலில் காட்டுப்பன்றி பாய்ந்தபோது இரண்டு குழலுமே வெடிக்கவில்லை. அப்பாவின் தொடை கிழிந்தது. காயம் ஆறியதும் நொண்டிக்கொண்டே வந்து சுவர்த் துப்பாக்கியைத்தான் துடைத்தார்.

“இது ஒருநாளும் ஏமாத்தினதில்லைங்க அக்கா,” என்றான் பணியாள்.

“ஒருநாளாவது காட்டுக்குக் கொண்டு போயிருந்தாத்தானே தம்பி, ஏமாத்துறதுக்கு?” என்றேன்.