கேளாமல் இட்ட கையெழுத்து

என் அப்பாவின் விதைகள் இரண்டையும் அகற்றச் சொல்லிக் கையெழுத்திட்டவன் நான். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் என்று பொய் சொன்னேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். ராஜபாளையம் மில்லில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர், அம்மாவோடு ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தார். இடுப்புவலி என்று மதுரைக்கு அழைத்துப் போனேன். புராஸ்டேட்டில் புற்றுநோய், எலும்புவரை பரவிவிட்டது என்றார்கள்.

ஆண் ஹார்மோன்தான் அந்நோய்க்குத் தீனி. அது சுரக்கும் இடத்தையே எடுத்துவிட்டால் நோய் அடங்கும், வலி குறையும் என்றார் டாக்டர். மாத்திரையும் உண்டு, ஆனால் அப்பாவின் இருதயம் தாங்காது. அவரிடம் பேசிவிட்டு வரச் சொன்னார்.

வராந்தா பெஞ்சில் முனகிக்கொண்டு படுத்திருந்தார் அப்பா. நூறு பேரை அதட்டி வேலை வாங்கியவர்... அவரிடம் இதை எந்த வாயால் சொல்வேன்? டாக்டரிடம் திரும்பிப் போய், அப்பா சம்மதித்துவிட்டார் என்றேன்!

நான் காப்பாற்றியது அவரையா, என் கூச்சத்தையா?

கட்டுப் பிரித்த அன்று அவருக்குத் தெரிந்துவிட்டது. என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு காபி வாங்கப் போய்விட்டேன்.

வலி போனது உண்மை. ஒரு மாதத்தில் தேரடிவரை தானே நடந்தார். ஆனால் மார்கழிக் குளிரிலும் திடீரென்று உடல் கொதித்து வியர்க்கும். அன்றாடச் சவரம் வாரம் ஒருமுறையாயிற்று. ஒன்றும் அறியாத அம்மா விசிறிக்கொண்டே சொன்னாள்: "தீட்டு நின்னப்ப எனக்கு வந்த மாதிரியே அவியளுக்கும் வருது."

அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இரண்டு வருடம் இதைப் பற்றி அவர் பேசவில்லை. ஒருநாள், பரிசோதனை முடிந்து திரும்பும் பஸ்ஸில், ஜன்னலைப் பார்த்தபடி கேட்டார்.

"கையெழுத்து நீதான போட்ட?"

"ஆமாப்பா."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா?"

கேட்டிருந்தால் சம்மதித்திருப்பீர்களா என்றேன். பஸ் கிருஷ்ணன்கோவிலைத் தாண்டியதும் சொன்னார்.

"தெரியலைலே. யோசிக்கத்தான் நீ விடலையே."

அடுத்த வருடம் நோய் மறுபடி தலைதூக்கியது, போய்விட்டார். இழவு வீட்டில் சித்தப்பா என் தோளைத் தொட்டு, "ஒன்னாலதாம்லே அண்ணன் மூணு வருசம் கூட இருந்தாரு" என்றார்.

நான் தலையசைத்து ஏற்றுக்கொண்டேன்.

கேட்டிருந்து, அவர் வேண்டாம் என்று சொல்லியிருந்தால்? அந்த வலியோடு அவரை வீட்டுக்கு அழைத்து வந்திருப்பேனா? அல்லது அப்போதும் பொய் சொல்லிக் கையெழுத்திட்டிருப்பேனா? உங்களிடமாவது உண்மையைச் சொல்லலாம் என்றுதான் தொடங்கினேன்... எது உண்மை என்று எனக்கே தெரியவில்லை.