மைக்கண்ணன் சொன்ன பெயர்

எங்கள் கால்பந்து லீக்கின் மக்கள் தொடர்பு அதிகாரியைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல் என்று யாராவது கேட்டால், சட்டையை நன்றாக இஸ்திரி போடுவார் என்பேன். அதற்கு மேல் என்னிடம் சரக்கு இல்லை. அவருக்கு நாங்கள் வைத்த பெயர் அறிக்கை. தும்மினால்கூட அதற்கொரு அறிக்கை விடுவார். இது அவருடைய கதை அல்ல, அவர் கையில் சிக்கி நாசமான மைக்கண்ணனின் கதை. ஆனாலும் வயிற்றெரிச்சலை முதலில் கொட்டிவிட்டால்தான் எனக்கு எழுத வரும்.

மைக்கண்ணன் மைதானத்தின் அறிவிப்பாளர். நான் ஸ்கோர் போர்டு இயக்கியவள். மேல்மாடத்தில் ஒரு கண்ணாடி அறை, இரண்டு நாற்காலி, ஒரு மின்விசிறி. விசிறிச் சத்தம் மைக்கில் விழும் என்பதால் ஆட்டம் முடியும்வரை அதைப் போடக் கூடாது. இருவரும் வியர்வையில் நனைந்துகொண்டே வேலை பார்த்தோம். அவர் அதற்கு முன் பேருந்து நிலையத்தில் அறிவிப்புச் சொல்லிக்கொண்டிருந்தவர். தாமதமாக வரும் வண்டியைக்கூட மாப்பிள்ளை வருகிற மாதிரி அறிவிப்பாராம். வண்டிக்குக் காத்திருந்த லீக் ஆள் ஒருவர் அந்தக் குரலைக் கேட்டுக் கையோடு கூட்டி வந்துவிட்டார். வீட்டில் மட்டும் மனிதர் வாய் திறக்க மாட்டார். ஊருக்கெல்லாம் கத்துகிறவருக்கு வீட்டில் உப்புக் குறைகிறது என்று சொல்ல வாய் வராது என்பது அண்ணியின் நிரந்தரப் புகார்.

எங்கள் அறையில் ஒரு பச்சை விளக்கு இருந்தது. காசு கொடுத்து வாங்கப்பட்ட நிகழ்ச்சி எதுவாக இருந்தாலும், விளம்பரப் பிரிவு கீழேயிருந்து அந்த விளக்கைப் போடும். காசு கொடுத்தவர் பெயர் மைக்கண்ணன் முன்னால் இருக்கும் சின்னத் திரையில் வரும். விளக்கு எரிந்தால் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும். இந்த கோலை உங்களுக்கு வழங்கியவர்கள் இன்ன டயர். இந்த கார்னர் கிக்கை வழங்கியவர்கள் இன்ன பற்பசை. கால் ஒடிந்தவனைத் தூக்கிப் போகும்போதும், இந்த ஸ்ட்ரெச்சரை வழங்கியவர்கள் இன்ன வலித் தைலம் என்பார். ஒருமுறை அப்படி ஒருவன் வலியில் துடிப்பதைப் பார்த்துத் தைலத்தின் பெயரை விழுங்கிவிட்டார். அன்று அறிக்கை மாடியேறி வந்து அவரைக் காய்ச்சி எடுத்தார். காசு வாங்கினால் பெயரைச் சொல்ல வேண்டும், அதுதான் தொழில் தர்மம் என்று பாடம் நடத்தினார். அதற்குப் பிறகு அந்த விளக்கைக் கண்டாலே மைக்கண்ணன் வாய் தானாகப் பெயரைச் சொல்லும்.

இந்த வருடம் ஒரு வீரன் கையில் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு ஆட வந்தான். அரசு செய்த ஏதோ ஒன்றுக்கு எதிர்ப்பு. பாதிக் கூட்டம் கை தட்டியது, மீதிக் கூட்டம் தண்ணீர்ப் பாட்டிலை எறிந்தது. டயர்க்காரர்கள் விலகிவிடுவோம் என்று மிரட்டினார்கள். அறிக்கை ஒரு பக்கத்துக்கு ஓர் அறிக்கை, மறு பக்கத்துக்கு ஓர் அறிக்கை என்று விட்டு, இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்டார். கடைசியில் தேசபக்தியைக் கையில் எடுத்தார். ஒவ்வோர் ஆட்டத்தின் இடைவேளையிலும் ஒரு ராணுவ வீரரை மைதானத்தின் நடுவில் நிறுத்தி மரியாதை செய்வது. லீக் தானாக, மனமுருகிச் செய்கிற மரியாதை என்று ஊரெல்லாம் தட்டி வைத்தார். அதற்குப் பாதுகாப்புத் துறையின் விளம்பரப் பிரிவிடமிருந்து காசு வாங்கியிருக்கிறார் என்பதை மட்டும் வெளியே விடவில்லை. கீழேயிருக்கும் எங்கள் லீக் விளம்பரப் பிரிவுக்காரர்களிடம் விளக்கைப் போடாதீர்கள் என்று சொல்லவும் மறந்துவிட்டார். எவ்வளவு பெரிய மூளை பாருங்கள்.

முதல் மரியாதை ஓர் இளம் சிப்பாய்க்கு. அவர் விடுப்பில் ஊர் வந்தே பல நாள் ஆகியிருந்தது. ஆனால் வீட்டுக்குப் போகவிடாமல் ஒரு விருந்தினர் விடுதியில் வைத்திருந்தார்கள். மைதானத்தில் வைத்துத்தான் மனைவியும் குழந்தையும் அவரை முதலில் பார்க்க வேண்டுமாம், கேமராவுக்கு அதுதான் நன்றாக இருக்குமாம். இடைவேளையில் அவர் வாசலிலிருந்து நடந்து வந்தார். மனைவி ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். முழு மைதானமும் எழுந்து நின்று இரைந்தது. அந்த இரைச்சலில் குழந்தை மிரண்டு, அப்பாவிடம் போகாமல் வீறிட்டு அழுதது. எனக்கே கண் கலங்கிவிட்டது. அப்போது பச்சை விளக்கு எரிந்தது.

"இந்த மரியாதையை உங்களுக்கு வழங்கியவர்கள், பாதுகாப்புத் துறை விளம்பரப் பிரிவு" என்றார் மைக்கண்ணன், தன் மிகச் சிறந்த குரலில்.

கை தட்டல் அப்படியே நின்றது. பிறகு வந்த கூச்சலை நான் எந்தத் தோல்விக்கும் கேட்டதில்லை. தங்கள் கண்ணீரை விலைக்கு விற்றுவிட்டார்கள் என்று கூட்டத்துக்குக் கோபம். ஆனால் விற்றவன் மேல் வராமல், சொன்னவன் மேல் வந்தது. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. மறுநாளே அறிக்கை தன் வேலையைக் காட்டினார். யாரும் காசு வாங்கவில்லை, அது ஓர் ஊழியரின் உளறல், அதன் பின்னணி விசாரிக்கப்படும் என்றார். பின்னணி என்ற ஒரு சொல் போதும். ஆளும் கட்சிக்காரர்கள் மைக்கண்ணன் வீட்டுச் சுவரில் துரோகி என்று எழுதினார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் மாலையோடு வந்து, மேடையேறிப் பேசச் சொன்னார்கள். அவர் இரண்டு கூட்டத்தின் முகத்திலும் கதவைச் சாத்தினார். துரோகி என்று எழுதியதை அண்ணிதான் தேங்காய் நார் வைத்துத் தேய்த்தாள். போகவில்லை.

பிறகு அறிக்கை வீட்டுக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன். ஒரே ஒரு மன்னிப்பு, அதையும் நேரில் சொல்ல வேண்டாம், ஒலிப்பதிவு செய்துகொள்வோம், அடுத்த ஆட்டத்திலிருந்து மைக் உங்களுடையதுதான் என்று தேன் ஒழுகப் பேசினார். யாரும் காசு வாங்கவில்லை, நான் பொய் சொன்னேன் என்று படிக்க வேண்டும். காதில் பூச்சுற்ற வந்திருக்கிறார், நம்பாதீர்கள் என்று அவர் எதிரிலேயே சொன்னேன். மைக்கண்ணன் முடியாது என்று தலையாட்டினார். அண்ணி இடையில் புகுந்தாள்.

"அந்த மைக்கு இல்லாம நீங்க என்ன பண்ணுவீங்க? வீட்டுல உக்காந்து சுவத்தைப் பாப்பீங்களா? ரெண்டு வரி படிச்சிட்டு வாங்க, உலகம் ஒண்ணும் முங்கிடாது."

அவளைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அவள் சொன்னது உண்மை. அந்த மனிதருக்கு வேறு எதுவும் தெரியாது. அவர் போய்ப் படித்தார். அவருக்கு எதையும் மோசமாகப் படிக்கத் தெரியாது, பொய்யையும் உருக்கமாகத்தான் படித்தார்.

அடுத்த வாரமே அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். காரணம் கேட்டதற்கு அறிக்கை கண் இமைக்காமல், "பொய் சொன்னேன்னு நீங்களே உங்க வாயால ஒத்துக்கிட்டீங்களே, பொய் சொல்றவங்களை லீக் எப்படி வெச்சுக்கும்?" என்றார். நான் அறைச் சாவியை அவர் மேஜையில் எறிந்துவிட்டு வந்தேன். இப்போது ஒரு லேத் பட்டறையில் கணக்குப் பார்க்கிறேன், அங்கே குறைந்தபட்சம் இரும்பு மட்டும்தான் வளைகிறது. மைக்கண்ணனை அனுப்பினார்களே தவிர, அவருடைய ஒலிப்பதிவை விடவில்லை. கூட்டத்துக்குப் பிடித்துப் போயிற்றாம். ஒவ்வோர் ஆட்டத்துக்கு முன்னாலும் அதைப் போடுகிறார்கள். அவர் வீடு மைதானத்தின் பின்சுவரை ஒட்டிய சந்தில் இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்கப் போயிருந்தேன். கொஞ்ச நேரத்தில் கதவு தட்டும் சத்தம். சுவரில் எழுத வந்தவர்களோ என்று அண்ணி பயந்தாள். சாதாரணச் சட்டையில் நின்றவர் அந்தச் சிப்பாய். மறுநாள் பணிக்குத் திரும்ப வேண்டுமாம். தண்ணீர்கூட வாங்காமல் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"நீங்க அன்னைக்குச் சொன்னது நிஜமா, இப்ப ஸ்பீக்கர்ல சொல்றது நிஜமாண்ணே?"

"அன்னைக்குச் சொன்னதுதான்" என்றார் மைக்கண்ணன்.

சிப்பாய் தலையைக் குனிந்துகொண்டார். "என் லீவுல பாதிய அந்த ரூம்ல அடைச்சு வெச்சிட்டாங்க. நாட்டுக்காகன்னு சொன்னாங்க, நானும் இருந்தேன். பாப்பா இன்னும் எங்கிட்ட சரியா வர மாட்டேங்குது." பிறகு கெஞ்சுகிற மாதிரிச் சொன்னார். "நான் யூனிஃபார்ம் போட்டவன், வெளியில பேசக் கூடாது. நீங்க இன்னொரு தடவை எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லிடுங்கண்ணே. உங்க குரலைத்தான் ஜனங்க நம்புவாங்க."

பின்சுவருக்கு அப்பால் ஒலிபெருக்கி கரகரத்தது. யாரும் காசு வாங்கவில்லை, நான் பொய் சொன்னேன் என்று மைக்கண்ணன் உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மைதானம் கை தட்டியது. அண்ணி ஜன்னலைச் சாத்த எழுந்தாள். அவர் வேண்டாம் என்று கைகாட்டினார்.

"கேக்குதா தம்பி?" என்றார். "அந்தக் குரல் இப்ப அவங்ககிட்ட இருக்கு."